மடகாஸ்கரில் பதினெட்டு நாள்: தீவை ஒரு சுற்று சுற்றி வர முடியுமா?

அமராவதிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறேன். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் ஆப்பிரிக்காவை வரைந்துவிட்டு, அதற்குக் கிழக்கே ஓர் அவரைக்கொட்டை மாதிரி மடகாஸ்கரைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். "நீங்க அங்க போயிருக்கீங்களா மிஸ்?" என்று போன வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அன்றிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. வருகிற மே லீவில் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கூட வருவது என் நாத்தனார். வயது 58, சர்க்கரை உண்டு, ஆனால் நடையில் என்னை மிஞ்சுவார். வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப மொத்தம் பதினெட்டு நாள். 2019 ஜனவரியில் நாங்கள் இருவரும் இலங்கை போய்வந்தோம். ஒன்பதே நாளில் கொழும்பு, கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம் எல்லாம் ரயிலிலும் பஸ்ஸிலுமே பார்த்தாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். தலைநகர் அந்தனனரிவோவில் இறங்கி, கிழக்கே மழைக்காடு, அங்கிருந்து வடமுனையில் அன்ட்சிரனானா, பிறகு மேற்குக் கரையோரமாகவே இறங்கி மஹஜங்கா, மொரோன்டாவா பாவோபாப் மரங்கள், தெற்கே டோலியாரா, அப்புறம் மேட்டுநிலம் வழியாகத் தலைநகர். ஸ்கேல் வைத்து அளந்து, நாளொன்றுக்கு 250 கி.மீ. என்று கணக்குப் போட்டேன்.

தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு பெரிய தீவு என்று பாடம் நடத்துகிறவளே நான்தான். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

பஸ்ஸிலேயே சமாளிக்க முடியுமா, வண்டி பேச வேண்டுமா? பழைய அட்லஸில் ரயில் பாதை காட்டுகிறதே, அது ஓடுகிறதா? நாத்தனார் சுத்த சைவம், நான் முட்டை வரைக்கும். இரண்டு பெண்கள் தனியாகப் போகலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


ஈரோட்டு மஞ்சள்:

அக்கா, நாங்கள் கல்யாணமான புதிதில் நோசி பே மட்டும் போனோம். வடமேற்கில் இருக்கிற குட்டித் தீவு, கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். தலைநகரிலிருந்து உள்நாட்டு விமானம். போகும்போது சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது. வரும்போது காலை விமானம் மாலையாகி, மாலை மறுநாளாகி, பம்பாய் விமானத்தைத் தவறவிட்டோம். புது டிக்கெட் போட்ட காசில் ஒரு எருமை வாங்கியிருக்கலாம் என்று மாமனார் இன்றும் சொல்லிக்காட்டுகிறார். விமானத்தில் போவதானாலும் கடைசி இரண்டு நாளைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். சாலை வழி எனக்குத் தெரியாது.


நூல்கண்டு:

டீச்சர், வணக்கமுங்க. நான் பெருமாநல்லூர்க்காரன். பின்னலாடையில் தரம் பார்க்கிற வேலை. 2017 கடைசியிலிருந்து இரண்டு வருடம் அந்தனனரிவோவில் ஓர் ஆலையில் இருந்தேன். அங்கே எல்லோரும் சுருக்கமாகத் தானா என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். 2023 ஆகஸ்டில் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போய், தானாவிலிருந்து தெற்குக் கரை வரை ஒரே சாலையில் இறங்கினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் திட்டத்தில் ஊர்கள் சரி. கிலோமீட்டரும் சரியாகத்தான் இருக்கும். மணிதான் தப்பு.

தானாவிலிருந்து அன்ட்சிராபே என்ற ஊர் சுமார் 170 கி.மீ. கோயமுத்தூரிலிருந்து சேலம் போகிற தூரம். நமக்கு மூன்று மணி நேரம், நடுவில் ஒரு டீயும் குடிக்கலாம். அங்கே நான்கு மணிக்குக் குறைந்து நான் போனதே இல்லை, ஐந்தும் ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் அது நாட்டின் நல்ல சாலைகளில் ஒன்று. அதற்கும் தெற்கே ஃபியானாரன்ட்சுவா இன்னும் 240 கி.மீ. காலையில் கிளம்பினால் பொழுதோட போய்ச் சேரலாம். திம்பம் மாதிரிக் கொண்டை ஊசி இல்லை, ஆனால் ஒரு பர்லாங்கு நேராகப் போகிற இடமும் இல்லை. அதோடு குழி. சின்னப் பையன்கள் மண்வெட்டியோடு நின்று, குழியில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, வருகிற வண்டியைப் பார்த்துக் கை நீட்டுவார்கள். ஓட்டுநர் சில்லறையை ஜன்னல் வழியாக எறிவார். மழை பெய்தால் மண் போய்விடும், பையன்கள் மறுபடி வருவார்கள்.

அடுத்தது, சுற்றுவதற்கு அங்கே வட்டச்சாலை இல்லை. உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். உள்ளங்கை தானா. விரல்கள்தான் சாலைகள். ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்த விரல் நுனிக்குப் போக வேண்டுமென்றால் உள்ளங்கைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். மொரோன்டாவாவிலிருந்து டோலியாராவுக்குக் கரையோரமாகவே இறங்குவேன் என்கிறீர்களே, அது மணல் தடம். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பும், ஆற்றைக் கடக்கத் தெரிந்த ஓட்டுநரும், நிறைய நாளும் வேண்டும். வடமுனை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே, அந்தப் பாதை இடுப்பை ஒடித்துவிடும். பதினெட்டு நாளில் நீங்கள் போட்ட வட்டத்தைச் சுற்றினால் நாட்டைப் பார்க்க மாட்டீர்கள், முன்சீட்டின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

ஆகவே ஒரு விரலை மட்டும் பிடியுங்கள். அது ஏழாம் நம்பர் தேசிய சாலை. தானாவிலிருந்து தென்மேற்குக் கரையில் டோலியாரா வரை 900 கி.மீ. சொச்சம். (அந்த ஊரைத் துலியாரா என்று சொன்னால்தான் புரியும். அவர்கள் மொழியில் ஓ என்று எழுதி உ என்று வாசிப்பார்கள்.) மேட்டுநிலத்து நெல்வயல், மழைக்காடு, மாட்டுச் சந்தை, பாறை மலை, முள்காடு, கடல் எல்லாம் இந்த ஒரே சாலையில் வருகின்றன. பாவோபாபும் வரும். மொரோன்டாவாவின் படத்தில் வரும் நெட்டை மரங்கள் அல்ல. துலியாராவுக்கு வடக்கே இஃபாடி முள்காட்டில் குட்டையாக, கல்யாண வீட்டு அண்டா மாதிரி வயிறு பருத்து நிற்கும். எனக்கு அதுதான் பிடித்தது.

பஸ் விஷயம். அங்கே டாக்ஸி-புரூஸ் என்று வேன் ஓடும். நேரம் என்று ஒன்று சொல்வார்கள், ஆனால் சீட்டு நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். தானாவில் தெற்கே போகும் வேன்கள் நிற்கும் இடத்தின் பெயர் ஃபாசன்னி கரானா. கரானா என்றால் இந்தியாக்காரர். நூறு வருடத்துக்கும் முன்னால் குஜராத் பக்கமிருந்து போய்க் கடை வைத்தவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது, நம்மையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். ஃபாசன்னி கரானா என்றால் இந்தியர் சுடுகாடு, இல்லை, இடுகாடு. முதல் தடவை அர்த்தம் தெரிந்தபோது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அன்று ஏழு மணி என்று சொன்ன வண்டி பத்தே முக்காலுக்குக் கிளம்பியது. மூன்று பேர் உட்காரும் வரிசையில் நான்கு பேர். என் இடது தொடையில் பக்கத்து அம்மாவின் பேரன், காலடியில் ஒரு மூட்டை அரிசி. கூரை மேல் சைக்கிள் இரண்டு, மெத்தை ஒன்று, கூடைக்குள் வாத்து. மேடு ஏறும்போதெல்லாம் வாத்து கத்தும், வண்டியில் எல்லோரும் சிரிப்பார்கள். யாரும் அவசரப்படவில்லை. மூர மூர என்பார்கள், மெதுவா மெதுவா என்று அர்த்தம். வயசுப் பிள்ளைகள் இப்படிப் போகலாம், போகவும் வேண்டும். 58 வயதும் சர்க்கரையும் இருக்கிறவர், நினைத்த இடத்தில் இறங்கவும் சாப்பிடவும் முடியாத வண்டியில் பத்து மணி நேரம் இருக்கக் கூடாது. ஒரே ஒரு நாள், தானா-அன்ட்சிராபே மாதிரிக் குட்டைப் பயணம், முந்தின நாளே டிக்கெட் வாங்கி ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டு என்று சொல்லி வையுங்கள். ருசி பார்த்த மாதிரி இருக்கும்.

மற்றதற்கு ஓட்டுநரோடு வண்டி. நான் 2023-ல் நாளுக்கு 50 யூரோ கொடுத்தேன், டீசல் தனி. ஓட்டுநரின் சாப்பாடும் தங்கலும் அந்த 50-க்குள் வந்துவிடும். வழியிலுள்ள பல விடுதிகளில் அவர்களுக்கென்றே அறை இருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம். துலியாராவில் நீங்கள் இறங்கிக்கொண்டாலும் அவர் வெறும் வண்டியைத் தானாவுக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அந்த இரண்டு நாள் கூலி உங்கள் தலையில்தான். பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசி எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு துலியாராவிலிருந்து தானாவுக்கு விமானத்தில் திரும்பிவிடலாம், ஒரு மணி நேரச் சொச்சம். ஈரோட்டுத் தம்பி சொன்னதையும் மறக்க வேண்டாம்.

பொழுது சாய்ந்த பிறகு ஊருக்கு வெளியே வண்டியில் இருக்கக் கூடாது. இதில் மட்டும் மூர மூர வேண்டாம். தெற்கே தஹாலு என்று மாடு திருடும் கும்பல்கள் உண்டு, ஆயுதம் வைத்திருப்பார்கள். ஓட்டுநரே நான்கு மணிக்கு மேல் அவசரப்படுவார். நீங்கள் படம் எடுக்க இறங்கி அவரைத் தாமதப்படுத்தாதீர்கள். தானாவில் இரவு இரண்டு தெரு தள்ளிப் போவதானாலும் விடுதியில் சொல்லி டாக்ஸி. பகலில் அனலக்கேலி சந்தையில் கைப்பை முன்பக்கம் இருக்கட்டும். மற்றபடி இரண்டு பெண்கள் போவதில் எனக்கு ஒரு தயக்கமும் தெரியவில்லை.

ரயில்: ஃபியானாரன்ட்சுவாவிலிருந்து கிழக்குக் கரை மனகாரா வரை 163 கி.மீ. பிரெஞ்சுக்காரர்கள் 1926-லிருந்து 1936 வரை பத்து வருடம் போட்ட பாதை, 48 குகை. நம்ம மேட்டுப்பாளையம் - ஊட்டி 46 கி.மீ.தான் என்று பாருங்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு என்று போனவர்கள் சொன்னார்கள். நான் இருந்த காலத்தில் வாரம் இரண்டு முறை என்று பெயர். நான் இரண்டு தடவை ஸ்டேஷன் வரை போய், இன்ஜின் பழுது என்று எழுதிப் போட்ட பலகையைப் படித்துவிட்டு வந்தேன். அதை நம்பி நாள் ஒதுக்காதீர்கள்.

பணம்: ரூபாயை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள், யூரோ கொண்டுபோங்கள். அவர்கள் காசு அரியாரி. நான் போனபோது நம் ஒரு ரூபாய்க்கு ஐம்பதுக்கு மேல் வந்தது. பெரிய நோட்டே இருபதாயிரம்தான், ஏடிஎம்மில் எடுத்தால் செங்கல் மாதிரி ஒரு கட்டு வரும். தானா, அன்ட்சிராபே, ஃபியானாரன்ட்சுவா மாதிரிப் பெரிய ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. 2005-க்கு முன்னால் பிராங்க் இருந்தது, ஐந்து பிராங்க் ஒரு அரியாரி. வயசானவர்கள் இன்னும் பிராங்கிலேயே விலை சொல்வார்கள். கொய்யாப்பழம் விற்ற பாட்டி பத்தாயிரம் என்றார், நானும் பத்தாயிரம் அரியாரியை நீட்டிவிட்டேன். பாட்டி சிரித்துக்கொண்டே எட்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். விலை கேட்டால் அரியாரியா, பிராங்கா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊசி: நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகத்தான் பெரும்பாலும் போவீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அந்த மஞ்சள் அட்டையைக் கையில் வைத்திருங்கள், திரும்பி வரும்போது நம்ம ஊர் விமான நிலையத்திலும் கேட்பார்கள். பத்து நாளைக்கு முன்பே போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு நாத்தனாரின் சர்க்கரை டாக்டரையே கேளுங்கள்.


அமராவதிக்கரை:

சகோதரரே, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டே படித்தேன். ஸ்கேலைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. ஒரே விரல். சரி.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? நாத்தனார் இப்போதே அரிசிம்பருப்புக்கு ரைஸ் குக்கர் எடுத்து வைக்கட்டுமா என்கிறார். அப்புறம் மாட்டுச் சந்தை என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எங்கள் அப்பா கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.


நூல்கண்டு:

குக்கர் வேண்டாமுங்க. அவர்கள் நம்மைவிடப் பெரிய சோற்றுக்காரர்கள். மூன்று வேளையும் சோறு. சாலையோரக் கடைக்கு ஹுதேலி என்று பெயர், ஓட்டல்தான். தட்டு நிறையச் சோற்றைக் குவித்துவிட்டு, பக்கத்தில் இத்தனூண்டு கறி வைப்பார்கள். சைவத்துக்கு ட்சரமாசு என்று கேட்டால் வெள்ளை பீன்ஸ் குழம்பு. "ட்சி மிஹினான ஹேன ஆஹு" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நான் கறி தின்பதில்லை என்று அர்த்தம். ஆனாலும் குழம்பில் ஒரு துண்டு எலும்பு கிடக்கலாம், கரண்டியை விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் ஆளுக்கு ஒரு டப்பா போதும், சுடுசோறு எங்கேயும் கிடைக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் தண்ணீருக்குப் பதில் இளஞ்சூடாக, பழுப்பு நிறத்தில் ஒன்று தருவார்கள். ரானுவூலா. சோறு வடித்த சட்டியில் அடிப்பிடித்த தீய்ச்சலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தது. முதல் வாய் வைத்தபோது எனக்கு எங்கள் ஆத்தா ஞாபகம் வந்துவிட்டது. சோறு அடிப்பிடித்தால் அதைச் சுரண்டி நீர் ஊற்றி வைத்துக்கொண்டு, "வயித்துக்கு நல்லதுடா" என்று எனக்கும் ஒரு டம்ளர் கொடுக்கும். காலையில் தெருமுனையில் மூஃபு கஸி சுடுவார்கள். அரிசிமாவு, குழிச்சட்டி, கரியடுப்பு. நாத்தனாரிடம் பணியாரம் என்றே சொல்லுங்கள், நம்பாவிட்டால் நேரில் பார்க்கட்டும்.

சந்தை அம்பலவாவ் என்ற ஊரில். புதனும் வியாழனும். ஊருக்கு வெளியே மேட்டில், செம்மண்ணில். கீழிருந்து ஏறும்போது முதலில் தூசிதான் தெரியும். அப்புறம் கொம்பு. அவர்கள் மாட்டுக்கும் திமில் உண்டு, நம்ம மாடு மாதிரியேதான். மயிலை, செவலை, காரி என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டே நடந்தேன். காங்கயம் காளையின் எடுப்பும் உருட்டும் இல்லை, உருவம் கொஞ்சம் சின்னது. ஆனால் திமில் பெரிது, ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் கம்பளியைத் தோளோடு போர்த்திக்கொண்டு, கையில் நீளக் கம்போடு நிற்கிறார்கள். தெற்கேயிருந்து நாள் கணக்கில் நடத்தியே கொண்டுவந்த மாடுகள் அவை. ஒவ்வொரு மாட்டுக்கும் சீட்டு உண்டு, காதில் வெட்டுக்குறி உண்டு. சீட்டும் காதும் ஒத்துப்போகிறதா என்று மேசை போட்டு ஒருவர் பார்க்கிறார். திருட்டு அத்தனை.

ஒரு பெரியவர் ஒரு செவலைக் காளையின் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், விலாவைத் தட்டினார், இரண்டடி தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்பது போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தியூர் சந்தையில் எங்கள் மாமன் செய்வதும் இதேதான், பிடித்த மாட்டைத்தான் பார்க்காத மாதிரி நிற்பார். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிற வழக்கம் இருக்குமோ என்று தேடினேன், நான் நின்ற நேரத்தில் கண்ணில் படவில்லை. விலை வாய்விட்டே போனது. காங்கயம் மாட்டின் படத்தைப் போனில் காட்டினேன். பெரியவர் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, கொம்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு விரலைக் காட்டி விலை என்ன என்று கேட்டார். நான் சொன்ன தொகையை ஓட்டுநர் அரியாரியாக மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள். நீங்களும் இரண்டு நல்ல படம் எடுத்துக்கொண்டு போங்கள், பாஷை தேவைப்படாது.

அதற்குப் பக்கத்திலேயே, பத்துப் பன்னிரண்டு கி.மீ. தெற்கே, அஞ்ஜா என்ற இடத்தை ஊர்க்காரர்களே சேர்ந்து காத்துவருகிறார்கள். வளையவால் லெமூர்களை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். நம்ம கடவூர்த் தேவாங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தேசியப் பூங்காக்களில் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். நுழைவுச்சீட்டுக் காசு வேறு, வழிகாட்டிக் கூலி வேறு.

இன்னொன்று, அன்ட்சிராபே போகும் வழியில் அம்பாட்டுலாம்பி. பழைய அலுமினியத்தை உருக்கிச் சட்டி வார்க்கிற ஊர். அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் அடிக்கிற சத்தத்தில் வளர்ந்தவன் நான், அரை மணி என்று இறங்கி இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன். அச்சு என்றால் வெறும் மண்தான். மாவு மாதிரிச் சலித்த கறுப்பு மண்ணைப் பெட்டியில் போட்டு மிதித்து, மாதிரிச் சட்டியைப் பதித்து, அலுங்காமல் எடுத்துவிட்டு, அந்தக் காலியிடத்தில் உருக்கிய அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவர் காலில் செருப்பு இல்லை. பத்து நிமிடத்தில் மண்ணை உடைத்தால் சட்டி. நான் வாங்கிய சட்டியில் வீட்டம்மா இன்றும் பால் காய்ச்சுகிறாள்.


கல்பட்டறை:

காங்கயத்திலிருந்து எழுதுகிறேன். டீச்சரம்மா, அந்த ஏழாம் நம்பர் சாலையில் இலகாகா என்று ஓர் ஊர் வரும். 1998-ல் நீலக்கல் கிடைக்கும் வரை அங்கே ஒன்றிரண்டு குடிசைதான். பிறகு நாடு முழுக்க ஜனம் அங்கே வந்து விழுந்தது. கல் வாங்குகிறவர்களில் இலங்கை ஆட்கள் நிறைய, தமிழ் காதில் விழும். நான் வியாபார விஷயமாக ஒரு முறை போய், கடை வாசலில் "வாங்க, உள்ள வாங்க" என்று கேட்டுத் திடுக்கிட்டேன்.

அந்தத் தமிழைக் கேட்டு மனசு இளகிக் கல் வாங்கிவிடாதீர்கள். அதற்குத்தான் எழுதுகிறேன். சாலையில் பையன்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது பாட்டில் கண்ணாடியாக இருக்கும், இல்லை உலையில் செய்த கல்லாக இருக்கும். செய்த கல்லை வெறுங்கண்ணால் பிரிக்க முப்பது வருடம் பட்டறையில் உட்கார்ந்த எனக்கே வராது, லென்ஸ் வேண்டும். நிஜக் கல்லாகவே இருந்தாலும் காகிதம் இல்லாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். குழி தோண்டுவதைப் பார்க்கலாம். கயிற்றில் ஆளை இறக்கி, மண்ணை மேலே இழுத்து, ஆற்றில் கொண்டுபோய்ச் சல்லடையில் அலசுவார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கொடுமணல் ஞாபகம்தான் வந்தது. நம்ம மண்ணிலும் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இப்படி அலசித்தானே மணி கோத்தார்கள். இரவு அந்த ஊரில் தங்க வேண்டாம். அதற்கு முன்னால் வருகிற ரானுஹிரா என்ற ஊரிலேயே தங்கிவிட்டு, பகலில் கடந்து போங்கள்.


அமராவதிக்கரை:

மூவருக்கும் நன்றி. நாத்தனாருக்கு வாசித்துக் காட்டினேன். பணியாரம் என்றதும் குக்கரைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டார். இப்போது திட்டம் இப்படி: தானா, அன்ட்சிராபே, ரானோமஃபானா மழைக்காடு, அம்பலவாவ், ரானுஹிராவில் இசாலோ மலை, துலியாரா, விமானத்தில் தானா. கிழக்கே அன்டசிபே மழைக்காட்டை முதலிலேயே பார்த்துவிடவா, கடைசியில் வைத்துக்கொள்ளவா? மேயில் குளிருமா?


நூல்கண்டு:

கடைசியில் வையுங்கள். துலியாரா விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் அன்டசிபேயை வெட்டிவிடலாம், ஊர் திரும்புகிற விமானம் தப்பாது. தானாவிலிருந்து கிழக்கே 150 கி.மீ.க்குள்தான். ஒரு ராத்திரி தங்கினால் காலையில் இந்திரி லெமூர் கூப்பிடுவது கேட்கும். காடு முழுக்க யாரோ சங்கு ஊதுகிற மாதிரி இருக்கும்.

குளிர் உண்டு. அன்ட்சிராபே ஏற்காட்டு உயரம், மே ராத்திரியில் ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். துலியாராவில் வேர்க்கும். இரண்டுக்கும் துணி.

மற்றபடி கிழமையைப் பார்த்துக் கிளம்புங்கள், அதுதான் முக்கியம். சந்தையை வியாழன் காலையில் பார்க்க வேண்டுமென்றால் புதன் பொழுதோட அம்பலவாவில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ரானோமஃபானாவில் திங்கள், செவ்வாய் இரண்டு ராத்திரி. அன்ட்சிராபேயில் சனி, ஞாயிறு. சனிக்கிழமை காலையில் தானாவை விட்டால் அம்பாட்டுலாம்பியில் உலை எரிகிற நேரத்துக்குப் போய்விடலாம், ஞாயிறென்றால் கோயிலுக்குப் போயிருப்பார்கள். வெள்ளிக்கிழமை பணம் மாற்ற, சிம் வாங்க, ஓட்டுநரைப் பார்த்துப் பேச. சிம் நம்ம ஏர்டெல்லே அங்கேயும் இருக்கிறது. அப்படியென்றால் வியாழன் இறங்க வேண்டும், தாராபுரத்தில் புதன்கிழமை கிளம்ப வேண்டும். புதன் கிளம்பும் டிக்கெட்டைப் பாருங்கள். போகிற தேதி முடிவானதும் சொல்லுங்கள், என்னை ஓட்டிய தம்பி இப்போதும் வண்டி வைத்திருக்கிறாரா என்று கேட்டு வைக்கிறேன்.